பின்னல் வட்டம்

பின்னல் வட்டம் என்பது, ஊசியாலோ கொக்கி ஊசியாலோ நூலைப் பின்னும் பழக்கமுள்ளவர்கள் ஓரிடத்தில் கூடி, தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, சில வேளைகளில் ஒரே பொருளைப் பலராகச் சேர்ந்து பின்னி முடிக்கும் சிறு குழு ஆகும். இதற்குப் பாடத்திட்டம் கிடையாது. ஆசிரியர், மாணவர் என்ற பிரிவும் பெரும்பாலும் கிடையாது. குளிர்நாடுகளில் தோன்றிய பழக்கம் என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், இவ்வகைக் கூட்டு வேலையின் மிகப் பெரிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று சென்னையில்தான் நடந்தது.

சென்னையில் ஜனவரி மாத விடியற்காலையில்கூடக் கடுங்குளிர் இருப்பதில்லை. மார்கழியில் திருவான்மியூர்க் கடற்கரைக்கு நடக்க வரும் பெரியவர்கள் காதை மூடிக் குல்லா அணிவதுண்டு. அதோடு இந்நகரத்தின் கம்பளித் தேவை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஆகவே இங்கு பின்னுபவர்கள் தமக்காகப் பின்னுவது குறைவு. பிறந்த குழந்தைக்கு, மருத்துவமனையில் இருப்பவருக்கு, வெளியூரில் குளிரில் படுப்பவருக்கு என்று வேறொருவருக்காகவே பெரும்பாலும் பின்ன வேண்டியிருக்கிறது. பின்னல் வட்டத்தின் பயனும் சிக்கலும் இரண்டுமே இங்கிருந்து தொடங்குகின்றன. பெறுபவர் கண்ணெதிரில் இல்லாதபோது, பத்துப் பேர் பத்து விதமாகப் பின்னியது ஒரு பொருளாகச் சேர வேண்டுமானால், முன்கூட்டியே சிலவற்றில் உடன்பட்டாக வேண்டும்.

நெசவும் பின்னலும்

துணி உருவாகும் முறைகளில் நெசவு ஒன்று, பின்னல் மற்றொன்று. நெசவில் பாவு, ஊடு என இரு திசை நூல்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. திருவான்மியூர்க் கலாக்ஷேத்ராவின் நெசவுக்கூடத்தில் கரை அகலமான சேலைகள் நெய்யப்படுவது இம்முறையில்தான். பின்னலில் இரு திசை இல்லை. ஒரே நூல் வளைந்து கண்ணியாகி, அக்கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைகிறது. அதனால்தான் பின்னிய துணி இழுத்தால் விரிகிறது, விட்டால் சுருங்குகிறது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுவதும் பிரிந்தும் விடுகிறது.

இதைப் பார்க்க வீட்டிலுள்ள பனியன் ஒன்றே போதும். திருப்பூரின் பின்னலாடைத் தொழிற்கூடங்களில் இயந்திரத்தால் பின்னப்படும் அத்துணியின் வெளிப்புறத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், சின்னச் சின்ன அம்புமுனைகள் வரிசையாக அடுக்கியதுபோல் தெரியும். உட்புறத்தில் மேடு மேடாக அரைவளையங்கள் தெரியும். கையால் பின்னுபவர்கள் ‘நிட்’ என்றும் ‘பர்ல்’ என்றும் சொல்வது இந்த இரு முகங்களையே. ஒரு பக்கத்து நிட், மறுபக்கத்தில் பர்ல். ஊசிப் பின்னலின் எல்லாக் கோலங்களும் இவ்விரண்டின் மாற்று வரிசைகளே.

ஊசிப் பின்னலுக்கு இரண்டு நீண்ட ஊசிகள் வேண்டும்; ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் எப்போதும் ஊசியில் உயிரோடு நிற்கும். குரோஷாவுக்கு முனையில் கொக்கி உள்ள ஒரே ஊசி. எந்த நேரத்திலும் ஒரு கண்ணி மட்டுமே திறந்திருக்கும். அதனால் தொடக்கநிலையில் உள்ளவருக்கும் பேருந்தில் பின்னுபவருக்கும் குரோஷாவே பாதுகாப்பானது. ஊசிப் பின்னலை இயந்திரமாக்கும் முயற்சி 1589-இலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவரால் வெற்றி பெற்றது. குரோஷாவை அப்படியே செய்யும் தொழிற்சாலை இயந்திரம் இன்றுவரை வழக்கத்தில் இல்லை. கடையில் குரோஷாப் பை ஒன்று மிக மலிவாகக் கிடைத்தால், யாரோ ஒருவருடைய கைவேலைக்கு மிகக் குறைந்த கூலி தரப்பட்டிருக்கிறது என்றே பொருள்.

பின்னல் என்றால் கம்பளி என்று நினைப்பதும் முழுவதும் சரியன்று. இரு ஊசிப் பின்னலில் உலகில் கிடைத்துள்ள மிகப் பழைய எச்சங்களில் பல, எகிப்தில் கண்டெடுக்கப்பட்ட பருத்திக் காலுறைகள். அவை ஏறக்குறைய 11 முதல் 14-ஆம் நூற்றாண்டுவரையிலானவை. வெப்பநாட்டில் பருத்தி நூலால் பின்னுவது பிற்காலத்துச் சமாளிப்பு அல்ல.

தென்னிந்தியாவுக்கு வந்த வழி

தமிழகத்தின் தென்கோடியில் நூல் பின்னல் வேலை பரவியதற்குக் கிறித்தவ மறைப்பணியாளர்களின் பெண்கள் பள்ளிகள் முதன்மைக் காரணம். 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியரில் மார்த்தா, தம் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். இது மரக்கட்டைகளில் நூலைச் சுற்றி, திண்டின்மேல் குண்டூசிகள் நட்டுப் பின்னும் வகை, குரோஷா அன்று. அப்பெண்களில் பலர் அடிமை முறைக்கு உட்பட்டிருந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். லேஸ் விற்ற பணத்தால் சிலர் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர். மார்த்தாவின் மகள் எலைசா, மொழியியலாளர் ராபர்ட் கால்டுவெல்லை 1844-இல் மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது, இவ்வேலையும் அவருடன் அங்கே சென்றது.

ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள நரசாபுரத்தில் வேரூன்றியது குரோஷா லேஸ். அதற்கு 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. செருமானிய ஆய்வாளர் மரியா மீஸ் 1982-இல் வெளியிட்ட நூலில், அங்கு நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய பெண்கள் தொழிலாளர்களாகவே எண்ணப்படாததைக் காட்டினார். வீட்டில் சும்மா இருக்கும்போது பொழுதுபோக்காகச் செய்வது என்று பெயர் சூட்டப்பட்டதால், கூலி அதற்கேற்பக் குறைவாகவே நிர்ணயிக்கப்பட்டது. ஏற்றுமதியின் இலாபம் வேறிடத்தில் சேர்ந்தது.

இந்த வரலாறு நகரத்துப் பின்னல் வட்டத்துக்குத் தொடர்பற்றது அல்ல. 20 செ.மீ. சதுரங்கள் 48 சேர்த்து ஒரு போர்வை செய்வதாகக் கொள்வோம். பழகிய கைக்கே ஒரு சதுரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் என்றால், சதுரங்களுக்கு மட்டும் 96 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய் என்று மிகக் குறைவாக மதிப்பிட்டாலும் 4,800 ரூபாய். நூல் விலையும் இணைக்கும் வேலையும் இதில் சேரவில்லை. ‘எனக்கும் ஒண்ணு போட்டுக் குடேன், உனக்கென்ன சும்மாதானே இருக்கே’ என்று கேட்கும் உறவினருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டுவதில் தவறில்லை. அன்பளிப்பாகத் தருவது வேறு; விற்பதானால் மணிக்கணக்கை எழுதிவைத்து விற்க வேண்டும்.

சென்னைப் போர்வை, 2016

சுபஸ்ரீ நடராஜன் சென்னையிலிருந்து தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற குழு, முகநூல் வழியாக இந்தியாவின் பல பகுதிகளிலும் வெளிநாடுகளிலும் இருந்த பெண்களைச் சேர்த்தது. 2016 ஜனவரி 31 அன்று அக்குழு சென்னையில் விரித்துக் காட்டிய குரோஷாப் போர்வை 11,148.5 சதுர மீட்டர் பரப்புடையது எனக் கின்னஸ் நிறுவனம் பதிவுசெய்தது. சென்னைக்காரர்களின் அளவில் சொன்னால் 1,20,000 சதுர அடி, அதாவது 50 கிரவுண்டு. ஒரு மீட்டர் சதுரங்களாகக் கணக்கிட்டால் பதினோராயிரத்துக்கும் மேல்.

இதற்கு முந்தைய சாதனை தென்னாப்பிரிக்காவுடையது. நெல்சன் மண்டேலாவின் 67 ஆண்டுப் பொதுவாழ்வை நினைவுகூர 67 போர்வைகள் பின்னுவது என்று 2013 இறுதியில் கேரலின் ஸ்டெய்ன் ஏற்ற சிறிய அறைகூவல், ஆயிரக்கணக்கானோர் சேர்ந்த இயக்கமாக வளர்ந்திருந்தது. சென்னையின் சாதனையும் நீண்டநாள் நிற்கவில்லை. அதே 2016-இல் தென்னாப்பிரிக்கக் குழு, சிறைக்கைதிகளையும் பின்னச் செய்து, அதைவிடப் பெரிய போர்வையை விரித்தது. சென்னைக் குழு அடுத்த ஆண்டு 14 கிலோமீட்டருக்கும் நீளமான குரோஷாக் கழுத்துத்துணியைச் செய்தது.

யார் பெரியது பின்னினார்கள் என்பதைவிடக் கவனிக்கத்தக்கது வேறு. இரு இடங்களிலும் சாதனைப் போர்வை பின்னர் பிரிக்கப்பட்டு, தேவையுள்ளோருக்குத் தனித்தனிப் போர்வைகளாகப் போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கமாக அறிவிக்கப்பட்டிருந்தது. ஆகவே ஒவ்வொரு துண்டும் இருமுறை தகுதிபெற வேண்டியிருந்தது: முன்பின் தெரியாத ஒருவர் பின்னிய துண்டோடு ஓரம் பொருந்த வேண்டும், பிறகு தனியே ஒருவர் போர்த்திக்கொள்ளவும் ஆக வேண்டும்.

கை அளவு

கூட்டு வேலையில் பெரும்பாலான மனவருத்தங்கள் இங்கேதான் பிறக்கின்றன. ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே குறிப்பு ஆகியவற்றைக் கொடுத்தாலும் இருவர் பின்னியவை ஒரே அளவாக வருவதில்லை. சிலர் நூலை இறுக்கிப் பிடிப்பர், சிலர் தளர விடுவர். இது திறமைக் குறைவு அன்று, கையெழுத்துப் போன்றது. புதிதாகக் கற்பவர் முதல் சில வரிசைகளில் இறுக்கமாகவும், பேச்சில் கவனம் சென்றபின் தளர்வாகவும் பின்னுவதால் அவருடைய சதுரம் ஒரு பக்கம் அகன்று சரிவகமாகிவிடுவதும் உண்டு.

கணக்காகப் பார்த்தால் இதன் விளைவு தெளிவாகும். குறிப்பில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று இருந்தால், 50 செ.மீ. அகலத்துக்கு 110 கண்ணி போட வேண்டும். இறுக்கமான கையில் 10 செ.மீ.க்குள் 24 கண்ணி அடங்கிவிடும். அவர் அதே 110 கண்ணி போட்டால் அகலம் 46 செ.மீ.கூட வராது. நான்கு செ.மீ. பெரிதாகத் தோன்றாது. அத்தகைய துண்டுகள் ஐந்தை ஒரு வரிசையாக அடுக்கினால் 20 செ.மீ.க்கு மேல் குறையும். பக்கத்து வரிசையோடு எப்படித் தைத்தாலும் போர்வை சுருண்டு நிற்கும்.

இதைத் தவிர்க்கச் செய்யும் சோதனைத் துண்டைப் பலரும் வீண் வேலையாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். குறைந்தது 15 செ.மீ. சதுரமாகப் பின்ன வேண்டும். ஓரக் கண்ணிகள் எப்போதும் சற்றுத் திரிந்திருக்கும். எனவே நடுவில் 10 செ.மீ.யை அளவுகோலால் குறித்து, அதற்குள் வரும் கண்ணிகளையும் வரிசைகளையும் எண்ண வேண்டும். எண்ணுவதற்கு முன் ஒருமுறை துவைத்து உலர்த்துவது கட்டாயம், ஏனெனில் பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். கண்ணிகள் அதிகமாக வந்தால் கால் அல்லது அரை மி.மீ. பெரிய ஊசிக்கு மாற வேண்டும். குறைவாக வந்தால் சிறிய ஊசிக்கு. ‘கொஞ்சம் தளர்வாகப் போடுங்கள்’ என்று கையை மாற்றச் சொல்வது நடவாது. நான்கு வரிசை தாண்டியதும் கை பழைய பிடிக்கே திரும்பிவிடும்.

எனவே வட்டத்தில் எல்லோரும் ஒரே ஊசி வாங்க வேண்டும் என்று விதிப்பது பிழை. எல்லோருக்கும் ஒரே அளவு வர வேண்டும். அதற்காக ஒருவர் 3.5 மி.மீ. ஊசியும் மற்றவர் 4.5 மி.மீ. ஊசியும் வைத்திருக்கலாம். தடித்த அட்டையில் வேண்டிய அளவுக்குச் சதுரம் வெட்டி ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால், அளவுநாடாவைத் தேடும் வேலையும் மிச்சம். பின்னிய துண்டை அந்த அட்டைமேல் வைத்துப் பார்த்தால் போதும்.

எட்டாம் நம்பர் எது?

பழைய ஊசிப் பெட்டியில் ‘8’ என்று பொறித்த ஊசி இருந்தால், அது பெரும்பாலும் பழைய பிரித்தானிய முறை எண். இம்முறை கம்பி கேஜ் போன்றது. எண் கூடக்கூட ஊசி மெலியும். அதில் எட்டாம் எண் 4 மி.மீ., பத்தாம் எண் 3.25 மி.மீ. அமெரிக்க முறையில் எண் கூடினால் ஊசி தடிக்கும். அதன் எட்டாம் எண் 5 மி.மீ. பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்த எட்டாம் நம்பரும், பேத்தி இணையத்தில் பார்த்த எட்டாம் நம்பரும் ஒரு மி.மீ. வேறுபடும். வட்டத்தில் ஊசியை எப்போதும் மி.மீ.யில் மட்டும் சொல்வது என்று முடிவுசெய்தால் இச்சிக்கல் தீரும்.

குரோஷாவில் குழப்பம் இன்னும் பெரியது. அமெரிக்கர் ‘சிங்கிள் குரோஷே’ என்பதைப் பிரித்தானியர் ‘டபுள் குரோஷே’ என்பர். அமெரிக்க ‘டபுள்’, பிரித்தானிய ‘டிரெபிள்’. ஆகவே ‘டபுள்’ என்ற ஒரே சொல், ஒரு குறிப்பில் குட்டையான கண்ணியையும் மற்றொன்றில் அதைப்போல் இருமடங்கு உயரமான கண்ணியையும் குறிக்கும். கான்வென்டுப் பள்ளியில் தையல் வகுப்பில் கற்ற தலைமுறை பிரித்தானியச் சொற்களையும், யூடியூபில் கற்ற தலைமுறை பெரும்பாலும் அமெரிக்கச் சொற்களையும் பயன்படுத்துகின்றது. இருவரும் ஒரே குறிப்பைப் பார்த்துப் பின்னி, இரு வேறு சதுரங்களோடு வந்து, யார் தப்பு என்று பேசிக்கொண்டிருப்பதுண்டு. இருவரும் தப்பு செய்திருக்க மாட்டார்கள். ஒரு குறிப்பில் ‘சிங்கிள் குரோஷே’ என்ற சொல் எங்கேனும் வந்தால் அது அமெரிக்க முறை என்று கொள்ளலாம்; பிரித்தானிய முறையில் அச்சொல் பொதுவாக வழங்குவதில்லை. இன்னும் நல்லது, கண்ணிகளைக் குறியீடுகளால் காட்டும் வரைபடம். அதற்கு மொழியே தேவையில்லை.

நூல்

சென்னையில் ‘உல்லன்’ என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் ஆட்டுமயிர்க் கம்பளி அன்று. அக்ரிலிக் என்னும் செயற்கை நூல். விலை குறைவு, நிறம் பல, துவைப்பது எளிது, பூச்சி அரிப்பதில்லை. ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது. சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகித் தட்டையாகிவிடும், அதை மீட்க முடியாது. ஊட்டிக்கோ வட இந்தியாவுக்கோ போகும் போர்வைக்கு அக்ரிலிக் பொருந்தும். சென்னையில் உடலோடு ஒட்டியிருக்கும் எதற்கும் பருத்தியே ஏற்றது. பருத்திக்கும் குறைகள் உண்டு. அது கம்பளிபோல் இழுபடாததால் விரல் விரைவில் வலிக்கும்; பெரிய பொருளாகப் பின்னினால் எடை கூடும்; ஈரமானால் காய நேரமெடுக்கும்.

நூல்கண்டின் சீட்டில் நிற எண்ணோடு லாட் எண் என்று ஒன்று அச்சிட்டிருக்கும். ஒரே நிற எண்ணாக இருந்தாலும் சாயத்தொட்டி மாறினால் நிறம் சற்றே மாறும். கடை விளக்கொளியில் தெரியாத இவ்வேறுபாடு, போர்வையை வெயிலில் விரித்தால் பட்டையாகத் தெரியும். கூட்டு வேலைக்கு ஒருவரே மொத்தமாக ஒரே லாட்டில் வாங்கிப் பிரித்துக் கொடுப்பது நல்லது. முடியாதபோது நிறங்களை வேண்டுமென்றே கலந்து வைக்கலாம். பலநிறப் பாட்டி சதுரம் உலகெங்கும் பரவியதற்கு மிச்ச நூல்களை அழகாக ஒளித்துவைக்கும் அதன் குணமும் ஒரு காரணம்.

அடர்சிவப்பு, கருநீலம் போன்றவை சாயம் விடலாம். ஒரு முழம் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் சுற்றி இரவு முழுவதும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கடலோரப் பகுதிக்கு இன்னொரு எச்சரிக்கை தேவை. திருவான்மியூர் போன்ற இடங்களில் உப்புக்காற்றால் இரும்புக் குண்டூசி சில நாட்களில் துருப்பிடிக்கும். ஈரச் சதுரங்களை வடிவுக்கு இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைக்கும்போது துருக்கறை படிந்தால் போகாது. துருப்பிடிக்காத எஃகு ஊசிகளை மட்டுமே இதற்குப் பயன்படுத்த வேண்டும். பின்னும் ஊசிகளிலும் மூங்கிலோ அலுமினியமோ இங்கு நீடிக்கும். வியர்க்கும் கையில் அலுமினியம் வழுக்குவதால் பலர் மூங்கிலையே விரும்புகின்றனர். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் பருத்தித் துண்டுகளைப் பிளாஸ்டிக் பையில் மூடிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்; பழைய தலையணை உறை போதும்.

கண்ணி நழுவினால்

ஊசிப் பின்னலில் ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவினால் அது வரிசை வரிசையாகக் கீழிறங்கி ஏணிபோல் படிகளை விட்டுச்செல்லும். பதற்றத்தில் துணியை இழுப்பதுதான் கெடுதல். நழுவிய கண்ணியில் உடனே ஒரு ஊக்கு மாட்டி நிறுத்திவிட வேண்டும். பிறகு நிட் முகம் தன்னை நோக்கியிருக்குமாறு திருப்பி, குரோஷாக் கொக்கியை அக்கண்ணிக்குள் விட்டு, மேலேயுள்ள படியை ஒவ்வொன்றாகக் கண்ணி வழியே இழுத்து ஏற்றினால் ஊசி வரை வந்து சேரும். இருபது வரிசை இறங்கியிருந்தாலும் பிரிக்கத் தேவையில்லை.

சிக்கலான கோலங்களில் ஒவ்வொரு பத்து வரிசைக்கும் ஒருமுறை, வேறு நிற மெல்லிய நூலைத் தையலூசியில் கோத்து ஊசியிலுள்ள எல்லாக் கண்ணிகளின் வழியாகவும் ஓட்டிவிடுவது வழக்கம். பின்னால் தவறு தெரிந்தால் அந்த நூல் வரையில் அச்சமின்றிப் பிரிக்கலாம். உயிர்நூல் என்று இதைச் சொல்லலாம். ஒருமுறை முழுவதையும் பிரித்து அழுதவர்கள் அதன்பின் இதை மறப்பதில்லை.

இடக்கைப் பழக்கமுள்ளவருக்குக் கற்றுக்கொடுக்கும்போது பக்கத்தில் அமராமல் எதிரில் அமர வேண்டும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் அவர் அப்படியே செய்யலாம். கறுப்பு நூலில் பின்னுபவர் மடியில் வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டால் கண்ணிகள் தெளிவாகத் தெரியும்.

கூட்டாகச் செய்யத்தக்கவை

போர்வையே எளிது. அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்தில் ஈவி ரோசன் தொடங்கிய ‘வார்ம் அப் அமெரிக்கா’ இயக்கம், ஏழுக்கு ஒன்பது அங்குலம் என்ற சிறு துண்டை அலகாக வைத்தது. அத்தகைய 49 துண்டுகள் ஏழு வரிசையாக அடுக்கப்பட்டு ஒரு போர்வையாகும். முழுப் போர்வைக்கு நேரமில்லாதவரும் ஒரு துண்டு தரலாம் என்பதே இதன் நயம். சதுரங்களை இணைப்பதையும் சுற்றுக்கரை பின்னுவதையும் மட்டும் ஒருவரிடமே விட வேண்டும். இணைப்பில் கை மாறினால் அது உடனே கண்ணில் படும்.

பிறந்த குழந்தைக்குக் குல்லா பின்னுவது பலருக்கும் முதலில் தோன்றும் எண்ணம். நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்றளவு பொதுவாக 33 முதல் 35 செ.மீ.; பின்னல் விரிவதால் குல்லாவைச் சற்றுக் குறைவாகவே பின்ன வேண்டும். பிறந்தவுடன் உடல்வெப்பம் குறையாமல் காக்கவும், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்துவைக்கும் கங்காரு முறைப் பராமரிப்பிலும் குல்லா பயன்படுகிறது. ஆனால் சித்திரை வெயிலில், வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்கு அக்ரிலிக் குல்லா மாட்டுவது தீங்கு. குழந்தை தன் வெப்பத்தைப் பெரிதும் தலைவழியே வெளியேற்றுகிறது. வீட்டுக்குள் உறங்கும்போது குல்லா வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. பொத்தான், குஞ்சம், நாடா எதுவும் வைக்கக் கூடாது. வாயில் போய்விடலாம், கழுத்தில் சுற்றலாம்.

குறைமாதக் குழந்தைகளுக்காக 2013-இல் டென்மார்க்கில் தொடங்கிய குரோஷா ஆக்டோபஸ் பொம்மை உலகம் முழுவதும் பரவியது. கால்களை இழுத்து அளந்தாலும் 22 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது அதன் கண்டிப்பான விதி. அதன் மருத்துவப் பயனுக்குப் போதிய சான்று இல்லை. மருத்துவமனை கேட்காமல் பின்னி அனுப்புவது வீண்.

கேட்டறிந்து செய்தால் மிகவும் பயன்தரக்கூடியது, மார்பக நீக்க அறுவைக்குப் பின் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் பின்னல் மார்பகம். அமெரிக்காவில் பார்பரா டெமோரஸ்ட், தம் அறுவைக்குப்பின் 2011-இல் தொடங்கிய ‘நிட்டட் நாக்கர்ஸ்’ அமைப்பு இதற்கான குறிப்புகளை இலவசமாக வழங்குகிறது. சிலிக்கோனால் செய்த செயற்கை மார்பகம் விலை மிகுந்தது, கனமானது, வெப்பநாட்டில் வியர்வையால் தோலை அரிக்கக்கூடியது. பருத்திப் பின்னல் இலேசானது, துவைக்கத்தக்கது, உள்ளே அடைக்கும் பஞ்சின் அளவை அணிபவரே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். தோலில் முடிச்சு உறுத்தக் கூடாது என்பதால் நூல் முனைகளை உட்புறம் மறைப்பதில் மிகுந்த கவனம் தேவை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் நிறுவிய புற்றுநோய் மருத்துவமனை அடையாற்றில் இருப்பதால், அப்பகுதிகளில் பின்னுபவர் பலருக்கு இந்நோய் கண்டவர்களை நேரில் தெரிந்திருக்கும். எனினும் இது கடையில் அடுக்கிவைத்துக் கொடுக்கும் பொருளன்று. அறுவைக் காயம் ஆறிய பின்னரே, மருத்துவரைக் கேட்டு, ஒவ்வொருவர் அளவுக்கும் பின்னித் தர வேண்டும். அளவு கேட்பதும் பொருளை ஒப்படைப்பதும் தனிமையில் நடக்க வேண்டியவை.

கொடைப்பொருள் எதுவானாலும் பெறும் இடத்தில் முதலில் கேட்க வேண்டியவை சிலவே: எந்த நூல், எந்த அளவு, எத்தனை, அவர்கள் எப்படித் துவைப்பார்கள். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. மருத்துவமனைச் சலவையில் கொதிநீரும் வெளுப்பானும் உண்டு. கையால் மட்டும் துவைக்கத்தக்க மெல்லிய லேஸ் குல்லா அங்கே ஒரு நாள்கூடத் தாங்காது.

கூடும் முறை

இடம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல வெளிச்சம், முதுகு சாய்க்க நாற்காலி, மின்விசிறி இருந்தால் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையே போதும். பூங்காவிலும் கூடலாம், பொது இடத்தில் பின்னும் நாள் ஒன்று 2005 முதல் ஜூன் மாதத்தில் பல நாடுகளில் கொண்டாடப்படுகிறது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து கைவிரல்களை விரித்து மடக்குவது கைவலியைக் குறைக்கும். எட்டு முதல் பன்னிரண்டு பேர் இருந்தால் ஒரு போர்வையை நாலைந்து வாரத்தில் முடிக்கலாம். அதற்கு மேல் இழுத்தால் சிலர் சதுரங்களைத் தராமலே நின்றுவிடுவர். பின்னியவை யார் வீட்டு அலமாரியிலோ தங்கிவிடும். எனவே சதுரங்களை வாராவாரம் ஒருவரிடம் சேர்த்துவிடுவதும், இரண்டு மூன்று சதுரங்கள் கூடுதலாகப் பின்னிவைப்பதும் நல்லது.

வட்டத்துக்கு ஒரு குறிப்பேடு வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் நூலின் பெயர், நிற எண், லாட் எண், ஊசி மி.மீ., மொத்தம் ஆன மணி நேரம் ஆகியவற்றை எழுதி, பயன்படுத்திய ஒவ்வொரு நூலிலும் ஒரு கை நீளம் வெட்டி அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவைக்கலாம். பொருளோடு போகும் துணிச்சீட்டில் நூலின் வகையும் துவைக்கும் முறையும் தமிழில் இருக்க வேண்டும். ஓராண்டு கழித்து ஒரு சதுரம் கிழிந்து போர்வை திரும்பி வந்தால், கிழிந்த சதுரத்தை மட்டும் அவிழ்த்தெடுத்து, கூடுதலாக வைத்திருந்த ஒன்றை அவ்விடத்தில் வைத்து, குறிப்பேட்டிலிருக்கும் அந்த ஒரு கை நூலோடு ஒப்பிட்டு வாங்கிய புதிய நூலால் தைத்துக் கொடுத்துவிடலாம்.